வயரை வெட்டின கதை: கார்டுலெஸ் வாக்யூம் கிளீனரின் 150 வருஷம்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு ஒரு குவிஸ் கேள்வியோட ஆரம்பிக்கலாம். முதல் கார்டுலெஸ் வாக்யூம் கிளீனர் எந்த வருஷம் வந்தது? ஆபீஸ் லஞ்ச் டேபிள்ல இதைக் கேட்டப்போ 2010னு ஒருத்தர் சொன்னார். கொஞ்சம் விவரமான இன்னொருத்தர் 1979ன்னார், அது நல்ல பதில்தான், அதுக்கு அப்புறம் வரேன். ஆனா கறாரா பார்த்தா பதில் 1869.

அந்த வருஷம் அமெரிக்காவின் சிகாகோவில் ஐவ்ஸ் மெக்காஃபி என்பவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். மரமும் கித்தான் துணியும் வைத்துச் செய்த, நெட்டுக்குத்தான ஒரு பெட்டி. உள்ளே ஒரு சின்ன விசிறி. மேலே ஒரு கைப்பிடி, அதைச் சுத்தினால் பெல்ட் வழியாக விசிறி சுத்தும், காற்று உள்ளே போகும், கூடவே தூசியும் போகும். பெயர் ‘வர்ல்விண்ட்’, அதாவது சுழல்காற்று. பிரச்சனை என்னன்னா, ஒரு கையால கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இன்னொரு கையால வண்டியைத் தள்ளணும். ஒரு பக்கம் மாவு ஆட்டிக்கிட்டே இன்னொரு பக்கம் வீடு கூட்டுற மாதிரி. பெருசா ஓடலை.

1876ல் மிச்சிகன் மாநிலத்தில் பீங்கான் சாமான் கடை வைத்திருந்த மெல்வில் பிஸ்ஸல் வேறு வழியில் போனார். சரக்கு மரத்தூளில் பொதிந்து வரும், தூள் கடையின் கார்பெட்டில் ஒட்டிக்கொள்ளும். அதை எடுக்க, சக்கரம் உருளும்போது கூடவே பிரஷ்ஷும் உருளுகிற ஒரு தள்ளு பெட்டியைச் செய்தார். உறிஞ்சுவது எல்லாம் கிடையாது. ஆனா நல்லா வித்தது. அவர் 1889ல் இறந்த பிறகு மனைவி அன்னா பிஸ்ஸல்தான் கம்பெனியை நடத்தினார்.

இந்த ரெண்டுலயும் வயர் இல்லை, ஏன்னா அப்போ வீட்டில் கரன்ட்டே இல்லை. ஆக, இந்தக் கதையில வயர்ங்கிறது நடுவுல வந்து நடுவுலயே போன ஒரு கதாபாத்திரம். அது எதுக்கு வந்தது, போறப்போ எதைக் கொடுத்துட்டு எதை எடுத்துட்டுப் போச்சு, இதுதான் இன்னைக்கு எபிசோடு.

1901, லண்டன். ஹ்யூபர்ட் செசில் பூத் என்று ஒரு இன்ஜினீயர். பாலங்களும் ராட்சத ராட்டினங்களும் வடிவமைத்தவர். ஒரு அரங்கில் தூசி எடுக்கும் அமெரிக்க இயந்திரம் ஒன்றை டெமோ காட்டுகிறார்கள், இவரும் போகிறார். அந்த இயந்திரம் காற்றை வேகமாக ஊதும், தூசி கிளம்பும், கிளம்பின தூசி எப்படியாவது போய் ஒரு பெட்டியில் விழும் என்பது நம்பிக்கை. பாதி திரும்பக் கீழேயே விழுந்தது. ‘ஏன் ஊதறீங்க, உறிஞ்சலாமே’ன்னு பூத் கேட்டிருக்கார். அது முடியவே முடியாதுன்னு பதில். பிறகு ஒரு உணவகத்தில் மெத்தை வைத்த நாற்காலியில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்திருக்கிறார். இருமல் வந்ததுதான் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு துணியை வைத்து உறிஞ்சினால் அந்தத் துணியில் கருப்பாகத் தூசி படிகிறது என்பது தெரிந்துவிட்டது. வாக்யூம் கிளீனரின் ஃபில்டர் அதுதான். இன்னைக்கு உங்க வீட்டு மெஷின்லயும் அடிப்படையில நடக்கிறது அதேதான்.

அவர் அதே வருஷம் காப்புரிமை வாங்கிக் கட்டிய இயந்திரம் ஒரு குதிரை வண்டி சைஸ். உண்மையாவே குதிரை இழுக்கிற வண்டிதான். மேலே ஒரு இன்ஜினும் பம்பும். வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும், நீள நீளமான ஹோஸ் பைப்புகள் ஜன்னல் வழியாக உள்ளே வரும், சீருடை போட்ட ஆட்கள் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள். 1902ல் மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபியின் கார்பெட்டுகளைச் சுத்தம் செய்தது இந்த வண்டிதான். இதை நல்லா கவனிங்க: வாக்யூம் கிளீனர் முதல்ல ஒரு சர்வீஸாதான் வந்தது. செப்டிக் டேங்க் லாரி மாதிரி, கூப்பிட்டா வரும். வீட்டுல இருக்கிற யாரும் அதைத் தொட வேண்டியதில்லை.

அது வீட்டுக்குள் வந்தது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் ஊரில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பேங்லர், ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் துப்புரவு வேலை பார்த்தவர். ஆஸ்துமா உண்டு. பெருக்கினால் மூச்சு முட்டும், பெருக்காவிட்டால் சம்பளம் கிடையாது. ஒரு எலக்ட்ரிக் ஃபேன் மோட்டார், ஒரு துடைப்பக் கழி, ஒரு தலையணை உறை. மூன்றையும் சேர்த்து, தானே தள்ளிக்கொண்டு போகக்கூடிய ஒரு வாக்யூம் கிளீனரைச் செய்தார். 1908ல் காப்புரிமை கிடைத்தது. தயாரிக்கப் பணம் இல்லை. தெரிந்தவரான சூசன் ஹூவரிடம் காட்டினார். சூசனின் கணவர் வில்லியம் ஹூவர் தோல் சாமான் வியாபாரி, குதிரைச் சேணம் எல்லாம் செய்பவர். கார் வர ஆரம்பித்த காலம், சேணத்துக்கு இனி மார்க்கெட் இருக்காது என்று அவருக்குப் புரிந்திருந்தது. காப்புரிமையை வாங்கிக்கொண்டார். பிரிட்டனில் ‘ஹூவர்’ என்பது வீட்டைச் சுத்தம் செய்வதற்கான வினைச்சொல்லாகவே ஆனது. ஸ்பேங்லர் 1915ல் இறந்துபோனார். சேணம் விற்ற வீட்டுப் பேர்தான் நின்னுச்சு, மூச்சு முட்டினவர் பேர் நிக்கலை. இந்த மாதிரி நம்ம ஸ்டார்ட்அப் உலகத்துல பார்த்ததே இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டீங்க.

வயர் கதைக்குள் நுழைவது இங்கேதான். அந்தக் காலத்தில் கரன்ட் கனெக்‌ஷன் இருந்த வீடுகளிலும் அது பெரும்பாலும் விளக்குக்குத்தான். சுவரில் ப்ளக் பாயிண்ட் என்பதே அபூர்வம். அதனால் பல்பைக் கழற்றிவிட்டு, அந்த ஹோல்டரில் மாட்டும்படிதான் ஆரம்பகாலக் கருவிகளை விற்றார்கள். கூரையிலிருந்து தொங்கும் வயரோடு வீட்டைச் சுத்தம் செய்யணும், அதுவும் அந்த அறையில் விளக்கு இல்லாமல்! (எங்க தாத்தா வீட்டுல அயர்ன் பாக்ஸுக்கு இதே மாதிரி ஒரு ஹோல்டர் ப்ளக் இருந்ததா அப்பா சொல்வார்.)

வயர் வேறு ஒன்றையும் செய்தது. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983ல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர் கேட்ட கேள்வி: இத்தனை மெஷின் வந்தும் வீட்டில் இருக்கும் பெண்ணின் வேலை நேரம் ஏன் குறையவில்லை? கார்பெட்டை எடுத்துக்கொள்வோம். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை, வீட்டில் உள்ள ஆண்களும் பிள்ளைகளும் சேர்ந்து அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொடியில் போட்டு அடிப்பார்கள். வசதியானவர்கள் ஆள் வைத்து அடிப்பார்கள். மெஷின் வந்த பிறகு கார்பெட் அங்கேயே கிடந்தது, வாரா வாரம் சுத்தம் செய்ய முடியும் என்று ஆனது, முடியும் என்பது செய்ய வேண்டும் என்று ஆனது, செய்வது ஒரே ஆள் என்று ஆனது. அம்மா. என்னைக் கேட்டா, எந்த கேட்ஜெட் ரிவ்யூவும் இந்தப் புத்தகத்தோட ஒரு அத்தியாயத்துக்கு ஈடாகாது.

நம்ம ஊருக்கு வருவோம். ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் கம்பெனி 1920கள்லயே வீடு வீடாகப் போய் விற்பதை ஒரு கலையாக்கியிருந்தது. அதே எலக்ட்ரோலக்ஸ் இங்கே ஃபோர்ப்ஸ் குழுமத்தோடு சேர்ந்து 1982ல் ஆரம்பித்ததுதான் யுரேகா ஃபோர்ப்ஸ். யூரோகிளீன் வாக்யூம் கிளீனர், அக்வாகார்டு, டை கட்டிக்கொண்டு கதவைத் தட்டும் சேல்ஸ்மேன். 80கள்லயும் 90கள்லயும் நகரத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் அந்த டெமோவைச் சொல்வார்கள்: நீங்க சுத்தம்னு நினைச்ச மெத்தை மேல மெஷினை ஓட்டி, ஒரு துணியில எவ்வளவு தூசி வருதுன்னு காட்டுவார். அதுக்கு மேல அந்த மெத்தையில படுக்க மனசு வராது. செக் எழுதித்தான் ஆகணும்.

வாங்கினார்கள். அப்புறம் என்ன ஆனது? பரண். எங்க வீட்டுல அம்மா 1994ல் வாங்கின ஒன்று இருக்கிறது. வருஷத்துக்கு ரெண்டு தடவை இறங்கும்: போகிக்கு முன்னாடி ஒட்டடை அடிக்கறப்போ ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஒரு தடவை. ரெண்டாவது தடவை சந்தனம், குங்குமம் வைக்க மட்டும்.

காரணம் சோம்பேறித்தனம்னு நான் ஒத்துக்க மாட்டேன். அந்த மெஷின் கார்பெட்டுக்காகப் பிறந்தது. நம்ம தரை மொசைக், இல்லாட்டி டைல்ஸ். பூந்துடைப்பம் அஞ்சு நிமிஷத்துல முடிக்கிற வேலை அது. அந்த அஞ்சு நிமிஷ வேலைக்கு மெஷினை இறக்கி, ஹோஸ் மாட்டி, ப்ளக் பாயிண்ட் தேடி, ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கலாமான்னு யோசிச்சு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, அடுத்த ரூமுக்குப் போறப்போ எல்லாத்தையும் திரும்ப முதல்லேருந்து செய்யணும். சாஃப்ட்வேர் ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, ஓடுற நேரத்தை விட பூட் ஆகுற நேரம் அதிகம். ஆக நம்ம ஊருல வாக்யூம் கிளீனருக்கு எதிரி துடைப்பம் கிடையாது, வயர்.

சரி, இப்போ வயரை வெட்டலாம்.

வெட்டுவதற்கு மோட்டாரைச் சுமக்கக்கூடிய பேட்டரி வேண்டும். நிக்கல்-காட்மியம் பேட்டரியை ஸ்வீடனின் வால்டெமர் யுங்னர் 1899லேயே கண்டுபிடித்துவிட்டார். அது ஒரு வீட்டுக் கருவிக்குள் அடங்கும் அளவுக்கு வர அறுபது வருஷம் ஆனது. 1961ல் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் முதல் கார்டுலெஸ் டிரில்லை வெளியிட்டது. இந்த இடத்துல வாட்ஸ்அப்புல சுத்துற ஒரு கதையை நிறுத்திடறேன்: கார்டுலெஸ் கருவிகளை நாசா கண்டுபிடிக்கலை. நாசாவே அப்படிச் சொல்றதில்லை. அப்பல்லோ திட்டத்துக்கு நிலாவின் தரையைத் துளைத்து மண் மாதிரி எடுக்க ஒரு டிரில் தேவைப்பட்டது. நிலாவில் ப்ளக் பாயிண்ட் கிடையாது. அந்த வேலைக்கு பிளாக் அண்ட் டெக்கரை அழைத்தார்கள். குறைந்த பேட்டரியில் அதிக வேலை வாங்கும்படி மோட்டாரை வடிவமைக்க அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார்கள். அப்பல்லோ 15, 16, 17 பயணங்களில் அந்த டிரில் நிலாவுக்குப் போனது. அந்த அனுபவம் வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான் 1979ல் வந்த டஸ்ட்பஸ்டர், உள்ளங்கையில் பிடிக்கிற குட்டி வாக்யூம் கிளீனர்.

டஸ்ட்பஸ்டருக்கு வடிவம் கொடுத்தவர் கேரல் கேன்ட்ஸ். அதற்கு முன் பல வருஷம் ஹூவர் கம்பெனியில் இருந்தவர், பின்னாளில் வாக்யூம் கிளீனரின் வரலாற்றையே புத்தகமாக எழுதினார். அவர்கள் செய்ததில் புத்திசாலித்தனம் எது தெரியுமா? வீட்டையே சுத்தம் செய்யும் என்று சொல்லவில்லை. டேபிளில் கொட்டின சர்க்கரை, சோஃபா இடுக்கில் விழுந்த மிக்சர், கார் சீட். சுவரில் ஒரு ஸ்டாண்டில் தொங்கும், எப்பவும் சார்ஜில் இருக்கும், கை நீட்டினால் வரும். பேட்டரி பலவீனமா இருக்கா, சரி, அந்தப் பலவீனத்துக்குள்ள அடங்குற வேலையை மட்டும் எடுத்துக்கறேன்னு சொன்ன டிசைன் அது. இன்னைக்கு நம்ம வீட்டு ஸ்டிக் வாக்யூம் சுவரில் தொங்குவதும் அந்த யோசனையின் வாரிசுதான்.

முழு வீட்டுக்கும் போதுமான பேட்டரி 1991ல் சோனி விற்ற லித்தியம்-அயன் செல்லோடு வந்தது. அதன் பின்னால் இருந்த விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு. நிக்கல்-காட்மியம் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், லித்தியம்-அயனுக்கு 3.6 வோல்ட். அதே எடையில் மூணு நாலு மடங்கு சக்தி. 2004ல் எலக்ட்ரோலக்ஸ் ‘எர்கோராபிடோ’ன்னு ஒரு ஸ்டிக் மாடலை விட்டது. 2006ல் பிரிட்டனின் டைசன் ஒரு கையடக்க மாடலோடு வந்தது. 5,127 மாதிரிகள் செய்து பார்த்துப் பையில்லாத வாக்யூம் கிளீனரை உருவாக்கினதா பெருமையாகச் சொல்லும் அதே ஜேம்ஸ் டைசன்.

இங்கே ஒரு நிமிஷம் கணக்குப் போடலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். ஒரு நல்ல ஸ்டிக் வாக்யூமில் ஏழு செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு பெருக்கல் 3.6, அதாவது 25.2 வோல்ட். 2.6 ஆம்பியர்-அவர் கொள்ளளவு. பெருக்கினால் சுமார் 65 வாட்-அவர். ஒரு யூனிட் கரன்ட் என்பது 1,000 வாட்-அவர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட ஒரு யூனிட்டில் பன்னெண்டு தடவைக்கு மேல் சார்ஜ் பண்ணலாம். வயர் வைத்த 1,200 வாட் மெஷின் இருபது நிமிஷம் ஓடினாலே 400 வாட்-அவர் குடித்துவிடும். ஆறு மடங்கு. அப்போ இவ்வளவு சின்ன டேங்க்கை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறார்கள்?

மோட்டார். கையில் தூக்குற மெஷின்னா விசிறி சின்னதாகத்தான் இருக்கணும். விசிறியின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே பவர் கிடைக்க வேகத்தை மூணு மடங்குக்கு மேல் ஏற்றணும். ஸ்பேங்லர் காலத்து மோட்டாரில் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்கும், அவ்வளவு வேகத்தில் தேய்ந்து பொடியாகிவிடும். பிரஷ்ஷை எடுத்துவிட்டு, எந்தக் காயிலுக்கு எந்தக் கணத்தில் கரன்ட் போகணும் என்பதை ஒரு சின்ன சிப்பிடம் ஒப்படைத்தார்கள். டைசனின் 2009 மோட்டார் நிமிஷத்துக்கு 1,04,000 சுற்று. 2018ல் வந்தது 1,25,000. அந்த 2018ல்தான் இனி வயர் வைத்த வாக்யூம் கிளீனர்களைப் புதிதாக உருவாக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். மெமரி கம்மியா இருந்த காலத்துல எழுதின கோடு எப்படிச் சிக்கனமா இருக்குமோ, அந்த மாதிரி பேட்டரியோட வறுமை மோட்டாரை நல்ல மோட்டாரா ஆக்கிடுச்சு. வயர் இருந்த காலத்துல வாட் எண்ணைப் பெருசா அட்டைப்பெட்டியில போட்டு வித்தாங்க. ஐரோப்பிய யூனியன் 2014ல் 1,600 வாட், 2017ல் 900 வாட் என்று சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

இப்போ என் வீடு. வேளச்சேரியில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். நாலு வருஷமா ஒரு ஸ்டிக் வாக்யூம். பிராண்டு வேண்டாம்.

விளம்பரம் சொல்லாத விஷயங்களைச் சொல்றேன். தூசியை விட முடிதான் இதோட முக்கியச் சாப்பாடு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கத்தரிக்கோலை எடுத்து பிரஷ் ரோலரில் சுத்தின முடியை வெட்டணும். ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்கக் காயணும், ஐப்பசி மழையில ரெண்டு நாள் ஆனாலும் ஈரம் போகாது. அரிசி மாவுக் கோலத்து மேல ஓட்டாதீங்க, அந்த நைஸ் பொடி ஃபில்டரை உடனே அடைக்கும். டப்பாவைக் குப்பைத்தொட்டி மேல திறந்தா பாதித் தூசி முகத்துக்கே திரும்பி வரும், ஸ்பேங்லர் ஞாபகம் வரும். இவ்வளவும் சொன்ன பிறகும், தினமும் நான் இதை எடுக்கிறேன். பரணில் இருக்கிற மெஷினை வருஷத்துக்கு ரெண்டு தடவை எடுத்த அதே வீடு. வித்தியாசம் அந்த வயர் மட்டும்தான்.

நான் ஆபீஸ் முடிச்சு வந்து சுத்தம் செய்யறது ராத்திரி எட்டு மணிக்கு. விளக்கு வெச்சதுக்கு அப்புறம் வீடு கூட்டினா லட்சுமி வெளியே போயிடுவான்னு எங்க வீட்டுல ரூல். முதல் வாரம் அம்மா மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு தீர்ப்பு சொன்னாங்க: “இது கூட்டி வெளிய தள்ளலையே, உள்ளதான இழுத்து வெச்சுக்குது. பரவால்ல.” எந்த சுப்ரீம் கோர்ட்டும் இவ்வளவு நேர்த்தியா ஒரு லூப்ஹோல் கண்டுபிடிச்சிருக்காது.

இன்னொரு விஷயம் அவ்வளவு ஜாலியானது இல்லை. நம்ம துடைப்பத்துக்கு நீளக் கைப்பிடி கிடையாது. குனிஞ்சுதான் பெருக்கணும். நிறைய வீடுகள்ல குனியறவங்க வேலைக்கு வர்ற அக்காதான். நிமிர்ந்து நின்னு சுத்தம் பண்ற மெஷின் வந்தப்போ, அது யார் கைக்குப் போச்சு? எனக்குத் தெரிஞ்ச பல ஃப்ளாட்டுகள்ல ‘உடைச்சிடுவாங்க’ன்னு அதை அவங்ககிட்ட கொடுக்கிறதே இல்லை. முதலாளி ஞாயித்துக்கிழமை ஆசைக்கு நின்னுக்கிட்டு ஓட்டுவார், மீதி ஆறு நாள் அவங்க குனிஞ்சு பெருக்குவாங்க. எங்க வீட்டுக்கு வர்ற அக்காகிட்ட முதல் நாளே கொடுத்தோம். பத்து நாள் ஓட்டிப் பார்த்துட்டு அவங்க சொன்ன ரிவ்யூ: “கட்டிலுக்கு அடியில நல்லா போகுது தம்பி, முதுகு வலி இல்ல. ஆனா மணிக்கட்டு வலிக்குது. இவ்வளவு கனத்தையும் கைப்பிடிகிட்டயே எதுக்கு வெச்சான்?” மோட்டார், பேட்டரி, டப்பா எல்லாமே கைப்பிடிக்குப் பக்கத்துல இருக்கிற டிசைன் பத்தின சரியான விமர்சனம் அது. இப்போ கட்டில், சோஃபா அடியில மெஷின், மீதி இடத்துல துடைப்பம். அவங்க முடிவு.

இனி பேட்டரி. மூணாவது வருஷம் என் மெஷின் நாற்பது நிமிஷத்திலிருந்து பதினஞ்சு நிமிஷத்துக்கு வந்தது. பிறகு நாலு. சர்வீஸ் சென்டரில் சொன்ன விலை 7,500 ரூபாய், மெஷினையே நான் 22,000க்குத்தான் வாங்கினேன். “இந்த மாடல் நிறுத்தியாச்சு சார், ஸ்டாக் வந்தா சொல்றோம், எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல புதுசு பாருங்களேன்” என்றார்கள். மோட்டார் கல்லு மாதிரி ஓடுது. பிரஷ் நல்லா இருக்கு. ஒரு அரைக்கிலோ பேட்டரிக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடணும்.

உள்ளே என்ன நடந்தது? லித்தியம்-அயன் செல் ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே ஒரு படலம் கொஞ்சம் கொஞ்சமா கனமாகிறது, உப்புத் தண்ணி ஓடுற பைப்புல படியற மாதிரி. அதுல மாட்டின லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. சில நூறு சார்ஜுக்குப் பிறகு கொள்ளளவு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறையும். சூடும் முழு சார்ஜும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். அதாவது, சென்னை மே மாசத்தில், எப்பவும் நூறு சதவீதத்தில், சுவர் ஸ்டாண்டில் தொங்கும் ஒரு பேட்டரி தனக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அனுபவிக்கிறது. கை நீட்டினா வரணும்னு டஸ்ட்பஸ்டர் சொல்லிக் கொடுத்த பழக்கம்தான் அதைச் சீக்கிரம் கிழவனாக்குது. இன்னொன்று, ஏழு செல்லும் வரிசையாக இணைக்கப்பட்டவை. ஏழில் ஒன்று சோர்ந்தாலும் பாதுகாப்பு சர்க்யூட் மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

1994 மெஷினைப் போன பொங்கலுக்கு இறக்கினோம். கார்பன் பிரஷ் ஒரு தடவை மாத்தியிருக்கு. ஓடுது. நம்ம ஜன்னல் எல்லாம் அதிர்ற சத்தத்தோட, ஆனா ஓடுது. அதுக்கு ஆயுள் இல்லைன்னே சொல்லலாம், யாரும் அதை எடுக்கறதும் இல்லை. தினமும் கையில் இருக்கிற மெஷினுக்குத்தான் வாங்கின அன்னைக்கே ஒரு எக்ஸ்பைரி டேட் உள்ளே ஓட ஆரம்பிக்கிறது. வயரை வெட்டினப்போ அதுக்கு நாம கொடுத்த விலை இது. அந்த விலை எனக்குச் சம்மதம். பேட்டரியைத் தனியா வாங்கவும், நானே மாத்தவும் முடியணும், அவ்வளவுதான்.

இது பேராசை இல்லை. ஐரோப்பிய யூனியன் 2023ல் கொண்டுவந்த பேட்டரி சட்டப்படி, 2027 பிப்ரவரி 18லிருந்து அங்கே விற்கும் கருவிகளில் இருக்கும் கையடக்க பேட்டரிகளை, சில விலக்குகள் போக, பயன்படுத்துபவரே சாதாரண டூல்ஸ் வைத்துக் கழற்றி மாற்ற முடியணும். இந்தியாவில் 2022ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் செத்துப்போன பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைக்கிறது. நல்லது. ஆனால் செத்த பேட்டரிக்குக் கேட்ட கேள்வியை, உயிரோட இருக்கிற மெஷினுக்கு இன்னும் கேட்கலை.

அதனால வாங்கப் போறவங்க கடையில பாஸ்கல், வாட் எல்லாம் கேட்கிறதுக்கு முன்னாடி மூணே விஷயம் பாருங்க. பேட்டரி ஒரு பட்டனை அழுத்தினா கையோட வருதா, இல்ல ஸ்க்ரூ போட்டு உள்ளே புதைச்சிருக்கா? அந்த பேட்டரி இன்னைக்குத் தனியா விலைக்கு இருக்கா, எவ்வளவு? போன தலைமுறை மாடலோட பேட்டரி இன்னும் கிடைக்குதா? மூணாவது கேள்விக்குக் கிடைக்கிற பதில்லயே கம்பெனியோட குணம் தெரிஞ்சுடும். வாங்கினவங்க, வாரக்கணக்குல ஊருக்குப் போறப்போ பாதி சார்ஜோட, நிழலான இடத்துல வெச்சுட்டுப் போங்க. டர்போல ஓட்டி முடிச்சு கைக்குச் சுடுற பேட்டரியை உடனே சார்ஜில் மாட்டாதீங்க, அரை மணி நேரம் ஆறட்டும். உப்பி இருக்கிற பேட்டரின்னா சார்ஜே பண்ணாதீங்க, குப்பைத்தொட்டியிலயும் போடாதீங்க. அது நசுங்கினா தீப்பிடிக்கும், அதை அள்ளப் போறது ஒரு மனுஷன்.

என் மெஷினுக்கு ஏழு மாசம் காத்திருந்து அதே மாடலுக்குப் பொருந்துற ஒரு பேட்டரி பேக் கிடைச்சுது. மாட்டறதுக்கு ஆனது ஆறு ஸ்க்ரூ, நாலு நிமிஷம். பழையதோட டெர்மினலுக்கு டேப் ஒட்டி, இ-வேஸ்ட் கலெக்‌ஷன் பாக்ஸ்ல கொண்டுபோய் போட்டாச்சு. அடுத்த வாரம் மிக்ஸி, அதோட மோட்டார் சத்தத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. அது வரைக்கும், பேட்டரி மாத்த அலைஞ்ச கதை உங்ககிட்ட இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.